வெயிலைச் சலித்தெடுக்கும் வீடு

சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. குளிர்காலம் என்று ஒன்று அந்த ஊருக்குக் கிடையாது. ஜனவரியானாலும் ஜூலையானாலும் பகல் வெப்பம் 30 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் நடுவில்தான் நிற்கும். சட்டை முதுகோடு ஒட்டியே கிடக்கும். செடி வளர்க்கக் கண்ணாடிக் கூரையே தேவைப்படாத ஊர் ஒன்றைக் காட்டச் சொன்னால் தயங்காமல் இதைக் காட்டலாம். உலகத்திலேயே பெரிய கண்ணாடிப் பசுமைக்குடில் என்று 2015இல் கின்னஸ் சான்று பெற்ற கட்டடம் இருப்பதும் இங்கேதான்.

மரினா விரிகுடாவை ஒட்டி, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், 2012 ஜூன் மாதம் திறக்கப்பட்டது கார்டன்ஸ் பை த பே. அதற்குள் இரண்டு கண்ணாடி மாளிகைகள். ஒன்று ஃபிளவர் டோம்: மூன்று ஏக்கர் பரப்பு, 38 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மற்றது கிளவுட் ஃபாரஸ்ட்: பரப்பில் சிறியது, உயரத்தில் பெரியது, 58 மீட்டர்.

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போகும் நம்மூர்க் குடும்பங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: லிட்டில் இந்தியா, முஸ்தபா கடை, செந்தோசா, பிறகு இந்தத் தோட்டம். நாங்களும் அந்தப் பட்டியலைத்தான் கையில் வைத்திருந்தோம். மதிய வெயிலில் வெந்து போய் ஃபிளவர் டோமுக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, "ஏசி பலமாப் போட்டிருக்கான்" என்று விஷயத்தை அங்கேயே முடித்துவிட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் விடவில்லை.

"அப்பா, கிரீன்ஹவுஸ்னா உள்ளே சூடாத்தானே இருக்கணும்? குளோபல் வார்மிங் பாடத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

பாடத்தில் இருப்பது சரி. அம்மா சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த அத்தியாயம்.

கண்ணாடி மாளிகை குளிர்நாட்டார் செய்த ஏற்பாடு. பனிக்காலத்தில் எலுமிச்சையும் ஆரஞ்சும் செத்துப் போகாமல் காப்பாற்ற ஐரோப்பியச் செல்வந்தர்கள் கட்டிக்கொண்ட மறைப்புகளில் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பும் கண்ணாடியும் மலிந்தபோது அது பெரிய கலையாகிவிட்டது. லண்டன் க்யூ தோட்டத்துப் பனைமாளிகை 1844இல் தொடங்கி 1848இல் முடிந்தது. கட்டடக் கலைஞர் டெசிமஸ் பர்டனும் அயர்லாந்து இரும்பு வேலைக்காரர் ரிச்சர்ட் டர்னரும் சேர்ந்து கட்டியது. கப்பலின் மேல்தளத்தைத் தாங்கும் இரும்புச் சட்டங்களைப் போன்றவற்றை வளைத்து விலா எலும்புகளாக நிறுத்தினார்கள். தரைக்கு அடியில் கொதிகலன்கள். நிலக்கரிப் புகை தோட்டத்தின் அழகைக் கெடுத்துவிடக் கூடாது என்று சுரங்கம் வெட்டி, தூரத்தில் ஒரு புகைபோக்கிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் புகைபோக்கிக்கும் இத்தாலிய மணிக்கூண்டின் வேடம் போட்டார்கள். இந்த வேடத்தை நினைவில் வையுங்கள். சிங்கப்பூரிலும் ஒன்று இருக்கிறது.

அதே பனைமாளிகையில் இன்னொரு காரியமும் நடந்தது. லண்டன் வெயில்கூடக் கண்ணாடி வழியாக இறங்கினால் இலைகளைக் கருக்கிவிடும் என்று பயந்தார்கள். ஒளியைப் பற்றி ஆராய்ந்த ராபர்ட் ஹண்ட்டிடம் யோசனை கேட்டார்கள். செம்பு ஆக்சைடு கலந்து இளம்பச்சை நிறத்தில் கண்ணாடி வார்த்தால் சுட்டெரிக்கும் கதிர்கள் குறையும் என்றார் அவர். அப்படியே செய்தார்கள். பின்னாளில் அந்தப் பச்சைக் கண்ணாடியைக் கைவிட்டு நிறமற்ற கண்ணாடிக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் வெயில் என்பது ஒரே பொருளல்ல, அதில் வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததை வாசலிலேயே நிறுத்தலாம் என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது. சிங்கப்பூர் மாளிகை அந்த எண்ணத்தின் பேரப்பிள்ளை.

சரி, சாதாரணப் பசுமைக்குடில் எதனால் சூடாகிறது? பாடநூல்கள் பலவும் சொல்லும் காரணம் இது: வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருகிறது, தரை சூடாகிறது, தரை அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை விடுகிறது, கண்ணாடி அதை வெளியே விடுவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். கறுப்பு அட்டையில் இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றொன்றுக்குப் பாறையுப்பைத் தகடாக அறுத்து மூடி. பாறையுப்பு அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. பாடநூல் சொல்வது முழு உண்மையானால் உப்பு மூடிப் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. முதலில் உப்பு மூடிப் பெட்டிதான் கொஞ்சம் கூடுதலாகச் சூடானது. ஏனென்றால் வெயிலிலேயே இருக்கும் அகச்சிவப்பில் ஒரு பங்கைக் கண்ணாடி வாசலில் நிறுத்திக்கொண்டது. இந்த வேறுபாட்டைப் போக்க, இரண்டு பெட்டிக்கும் மேலே வெயில் இன்னொரு கண்ணாடி வழியாக வரும்படி செய்தார். இப்போது இரண்டும் ஏறத்தாழ 55 டிகிரிக்கு ஏறி நின்றன. வேறுபாடு ஒரு டிகிரிகூடத் தேறவில்லை.

ஆக, கண்ணாடியின் முக்கியமான வேலை காற்றைப் பூட்டி வைப்பது. திறந்த வெளியில் சூடான தரையைத் தொட்ட காற்று இலேசாகி மேலே போய்விடும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். கூரை போட்டுவிட்டால் இந்தப் போக்குவரத்து நின்றுபோகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நாம் படும் பாடும் பெரும்பாலும் இதனால்தான். வானத்துக்கு இப்படி மூடி எதுவும் கிடையாது. அங்கே கரியமில வாயுவும் நீராவியும் உண்மையிலேயே அகச்சிவப்பை உறிஞ்சித் திருப்பி அனுப்புகின்றன. என் மகளின் பாடத்தில் இருக்கும் புவி வெப்பமாதல் சந்தேகமில்லாத இயற்பியல். பசுமைக்குடில்தான் அதற்கு அவ்வளவு பொருத்தமான உதாரணம் அல்ல.

இப்போது சிங்கப்பூர்க்காரர்களின் சிக்கலைப் பாருங்கள். வெப்ப மண்டலத்து நண்பகலில் மூன்று ஏக்கரைக் கண்ணாடியால் மூடினால் கிடைப்பது வுட்டின் பெட்டி. அதற்குள்ளே 23 முதல் 25 டிகிரி வேண்டும். கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டு ஏசி போடுவதானால் எளிது, திரையரங்குகள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. ஆனால் உள்ளே இருப்பவை செடிகள். அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். வடிவமைப்பாளர்கள் வைத்துக்கொண்ட இலக்கு சுமார் 45,000 லக்ஸ். படிக்கும் மேசைக்குச் சில நூறு லக்ஸ் போதும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். சிங்கப்பூர் வானம் அடிக்கடி மேகம் போட்டுக்கொள்வது, அதனால் வெளிச்சத்தை வீணாக்கவும் வழியில்லை.

கை கொடுத்தது வெயிலின் ஓர் இயல்பு. சூரியனிலிருந்து தரைக்கு வரும் ஆற்றலில் பாதிக்கும் கொஞ்சம் குறைவானதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பங்கு அகச்சிவப்பு. இலை ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்வது 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள அலைகளை. அது ஏறக்குறைய நம் கண் பார்க்கும் பகுதியேதான். அகச்சிவப்பால் செடிக்குச் சல்லிக் காசு பயனில்லை, கட்டடத்துக்குக் கரண்டு செலவு மட்டும் மிச்சம். எனவே கண்ணாடி மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு ஒன்றைப் பூசி, இரண்டு அடுக்காகப் பொருத்தினார்கள். காணும் ஒளியில் சுமார் 65 விழுக்காடு உள்ளே போகிறது. வெயிலின் வெப்பத்தில் சுமார் 35 விழுக்காடுதான் போகிறது. ஃபிளவர் டோமில் மட்டும் இப்படி 3,332 கண்ணாடிப் பலகைகள், 42 வெவ்வேறு வடிவங்களிலும் அளவுகளிலும். ராபர்ட் ஹண்ட் பச்சைச் சாயத்தால் செய்யப் பார்த்ததை இந்தப் பூச்சு ஒழுங்காகச் செய்கிறது. அதற்கு மேலும் வெயில் ஏறினால் விலா எலும்புகளுக்கு இடையே சுருட்டி வைத்திருக்கும் துணிப் பாய்கள் தாமாக விரிந்துகொள்கின்றன. நாங்கள் உள்ளே இருந்தபோது சில பாய்கள் விரிந்திருந்தன. என் மனைவி சொல்லித்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

இரண்டாவது உத்தி காலடியில் இருக்கிறது. நம் வீட்டு ஏசி கூரைக்குப் பக்கத்தில் இருந்து குளிர்காற்றைக் கொட்டும். குளிர்காற்று கனமானது, இறங்கி அறையையே கலக்கிவிடும். 38 மீட்டர் உயரக் கூடத்தில் அப்படிச் செய்தால் யாருமே இல்லாத 35 மீட்டரையும் சேர்த்துக் குளிரூட்டியாக வேண்டும். இங்கே குளிர்காற்றைத் தாழ்வான இடங்களில் இருந்து மெதுவாக விடுகிறார்கள். அது தரையோடு தங்கிவிடுகிறது. தரைப் பலகைக்குள்ளேயே குழாய் புதைத்துக் குளிர்ந்த நீரை ஓட்டுகிறார்கள். கல் மேல் விழுந்த வெயில் காற்றைச் சூடாக்குவதற்கு முன்பே நீரோடு போய்விடும். மேலே சேரும் வெப்பக் காற்று அங்கேயே மிதந்து, உச்சியில் உள்ள திறப்புகள் வழியே வெளியேறும். அதாவது மேலே இருப்பது சிங்கப்பூர், கீழே மட்டும் குளிர்நாடு. எந்தச் செடி எந்த உயரத்தில் இருக்கலாம் என்பதையும் இரண்டும் பிரியும் இந்தக் கோடே தீர்மானிக்கிறது.

இவ்வளவும் வெப்பத்தின் கதை. உண்மையான எதிரி வெப்பமல்ல, ஈரம். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்புச் சாடி நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் எல்லா நாளும் அப்படித்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 31 டிகிரி வெப்பத்தில், 70 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 24 டிகிரி, 60 விழுக்காடு வேண்டுமானால் 11 கிராம்தான் இருக்கலாம். அந்த ஒரு கிலோ காற்றை 7 டிகிரி குளிர்விக்க 7,000 ஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். மிச்சமுள்ள 9 கிராம் நீராவியைத் தண்ணீராக்கி வெளியேற்றவோ 22,000 ஜூல் எடுத்தாக வேண்டும். குளிரூட்டுவதைப் போல மூன்று மடங்கு வேலை, வெறுமே உலர்த்துவதற்கு! வீட்டு ஏசியின் குழாயிலிருந்து நாள் முழுக்கச் சொட்டும் தண்ணீரைப் பார்த்து, நம் மின்கட்டணத்தில் ஒரு நல்ல பங்கு அந்த வாளியில்தான் விழுகிறது என்று யாரும் நினைப்பதில்லை.

இதற்கு அவர்கள் பிடித்த வழி உப்புச் சாடியே. லித்தியம் குளோரைடு என்ற உப்பின் அடர்கரைசலுக்கு ஈரத்தின் மேல் அடங்காத ஆசை. வெளியே இருந்து வரும் காற்றை அதன் மேல் தவழ விட்டால் நீராவியை அது உறிஞ்சிக்கொள்ளும். காற்று உலர்ந்து உள்ளே போகும். நீர்த்துப் போன கரைசலைச் சூடாக்கினால் ஈரம் ஆவியாகிப் போய்விடும், மறுபடி வேலைக்கு வைக்கலாம். சூடாக்க வெப்பம் வேண்டுமே? அது வீணாகும் வெப்பத்தில் கிடைக்கிறது. சிங்கப்பூர்ச் சாலைகளிலும் பூங்காக்களிலும் வெட்டித் தள்ளும் மரக்கிளைகளைத் துண்டாக்கி, தோட்டத்துக்குள்ளேயே ஒரு கொதிகலனில் எரிக்கிறார்கள். நீராவி விசையாழியைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் குளிரூட்டும் இயந்திரங்களுக்கு. சுழற்றி முடித்த பிறகும் மிச்சம் இருக்கும் வெப்பம் உப்புக் கரைசலுக்கு. விறகெரித்து வீட்டைக் குளிர வைக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அம்மா, "போடா, கதை விடாதே" என்றார். நியாயமான எதிர்வினை.

தோட்டத்தின் அடையாளமாக எல்லாப் படங்களிலும் வரும் சூப்பர்ட்ரீ என்ற இரும்பு மரங்கள் 18 இருக்கின்றன. 25 முதல் 50 மீட்டர் உயரம். உடம்பெல்லாம் கொடிகளும் பெரணிகளும் படர்ந்திருக்கும். இரவில் அவற்றின் கீழே படுத்துக்கொண்டு வண்ண விளக்கு ஆட்டம் பார்க்கிறார்கள். அவற்றில் சில, இந்தக் குளிரூட்டும் ஏற்பாட்டின் காற்றுப்போக்கிகள். க்யூவில் புகைபோக்கி மணிக்கூண்டாக நின்றது, இங்கே மரமாக நிற்கிறது.

வழக்கமான முறையில் குளிரூட்டுவதைவிட 30 விழுக்காட்டு ஆற்றலாவது மிச்சம் என்று தோட்டத்தார் சொல்கிறார்கள். பொறியியல் என்ற அளவில் எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த மிச்சம், இதே மாளிகையைச் சோம்பேறித்தனமாகக் கட்டியிருந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்ட மிச்சம். கட்டாமலே இருந்திருந்தால் என்ற கணக்கு அதில் வராது. ஆலிவ் மரம் பார்க்க ஸ்பெயினுக்கு விமானம் ஏறுவதற்கு இது தேவலை என்று வாதாடலாம். நாங்கள் விமானம் ஏறித்தான் இதற்கே வந்திருந்தோம் என்பதால் நான் வாதாடவில்லை.

இத்தனை பாடுபட்டு உள்ளே யாரைக் குடிவைத்திருக்கிறார்கள்? ஃபிளவர் டோமில் இருப்பவை பெரும்பாலும் மத்தியதரைக் கடல் வகைத் தட்பவெப்பத்துச் செடிகள். மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. உலகத்தில் ஐந்தே இடங்களில்தான் இந்த முறை உண்டு: மத்தியதரைக் கடலோரம், கலிஃபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். ஐந்தும் ஏறத்தாழ 30 முதல் 45 டிகிரி அட்சரேகைக்குள், பெரும்பாலும் கண்டங்களின் மேற்குக் கரையில். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத செடிகள் ஒரே கோடைக்குப் பழகி, ஒரே மாதிரி தடித்த சிறிய இலைகளோடு நிற்பதை அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஆலிவ் போன்ற மரங்களுக்கு இலை தழைப்பதற்கு வெயில் போதும். பூப்பதற்குச் சில வாரக் குளிர் தேவை. குளிர் வந்து போனால்தான் வசந்தம் வந்ததாக அவை நம்பும். ஆண்டுதோறும் இங்கே வைக்கும் துலிப் மலர்க்காட்சிக்கும் இதே சங்கடம்தான். துலிப் கிழங்கு குளிரில் கிடந்து வந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும்.

பாவோபாப் மரங்களுக்கு முன்னால் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். பருத்த அடிமரம் முழுக்கத் தண்ணீர்ச் சேமிப்பு. மன்னார்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பள்ளிமுனையில் பெருக்கமரம் என்ற பெயரில் ஒன்று கண்ணாடியும் ஏசியும் இல்லாமல் பல நூற்றாண்டாக நிற்கிறது. இராமநாதபுரம் பக்கமும் உண்டு. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள்.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது எங்களோடு வந்த மாமா, என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, சிங்கப்பூரிலேயே பிறந்தவர், ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இந்த மரமெல்லாம் கப்பல்ல எப்படிப்பா சாகாம வருது?" இன்றைக்குக் குளிர்பெட்டிக் கொள்கலன் இருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு முன்னால் இல்லை. அப்போது பெரும்பாலான செடிகள் உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வழியிலேயே செத்தன. 1829இல் நதானியல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலில் மூடி வைத்தார். அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. லண்டன் நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. போத்தலுக்குள் தண்ணீரே ஊற்றாமல் பிழைத்தன. இலை விடும் நீராவி கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பிவிடுகிறது. 1833இல் இப்படி மூடிய பெட்டிகளைக் கப்பல் மேல்தளத்தில் வைத்து சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. வார்டு பெட்டி என்று அதற்குப் பெயர் வந்தது.

மாமாவுக்கு அந்தப் பெட்டியோடு நேரடி உறவே உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை க்யூவுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடி வீடுகளில் விதைத்ததில் ஏறத்தாழ 2,700தான் முளைத்தன. அவற்றில் பெரும்பகுதி வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். பார்க்கிற தோட்டக்காரர்களிடம் எல்லாம் விதையைத் திணித்தார். அதே சமயத்தில் காற்றடைத்த டயரும் வந்தது. மலாயா முழுக்க ரப்பர். பால் வெட்டத் தமிழ்நாட்டில் இருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக்கொண்டு போனார்கள். மாமாவின் தாத்தா அப்படி ஜொகூருக்குக் கப்பல் ஏறியவர். "அப்ப நானும் கண்ணாடிப் பெட்டியில வந்தவன்தான்னு சொல்லு" என்று சிரித்தார் மாமா.

கிளவுட் ஃபாரஸ்டுக்குள் நுழைந்த உடனே 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. செடிகளால் போர்த்திய ஒரு செயற்கை மலை. லிஃப்டில் உச்சிக்குப் போய், சுற்றி வளைந்து இறங்கும் நடைபாலங்களில் கீழே வரவேண்டும். என் மனைவிக்கு உயரம் ஆகாது. பாலத்தின் நடுவில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை எதிரே இருந்த ஆர்க்கிட்கள் மேலேயே வைத்துக்கொண்டு நடந்ததில், எங்கள் எல்லோரையும் விட அவர்தான் செடிகளை ஒழுங்காகப் பார்த்தார்.

"கொடைக்கானல் மாதிரியே இருக்கு" என்றார் அம்மா. வெறும் குளிரை வைத்துச் சொன்னாலும், தாவரவியல்படி அது சரியான பதில். பழனி மலையிலும் நீலகிரியிலும் உயரத்து மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடுகள் இதே வகைதான்: மேகம் தொட்டுக்கொண்டு போகும் வெப்ப மண்டல மலைக்காடு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி. குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் சுமக்க முடியாது, மேகமாக விட்டுவிடும். அந்த மேகம் பாசியிலும் இலைநுனியிலும் பட்டுத் துளியாகி விழுகிறது. மழைமானி பதிவு செய்யாத மழை அது. நீலகிரி உச்சியில் சோலையும் புல்வெளியும் சேர்ந்து பிடித்து வைக்கும் நீர்தான் பவானிக்கும் மாயாற்றுக்கும் மழையில்லாத மாதங்களிலும் கசிந்து வருகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் வேர் மண்ணைத் தேட வேண்டியதில்லை. ஆர்க்கிட்டின் வேர் மரக்கிளையில் தொங்குகிறது. அதைச் சுற்றி வெள்ளையாக இறந்த செல்களால் ஆன பஞ்சு உறை. மேகம் தொட்ட நொடியில் நீரைக் குடித்துப் பச்சையாகிவிடும். குடுவைச் செடியின் பிரச்சினை வேறு. தண்ணீருக்குக் குறைவில்லை, நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம். அதனால் இலைநுனியைக் குடுவையாக்கிப் பூச்சியைச் செரிக்கிறது. நம் பக்கத்தில் மேகாலயாவிலும் இலங்கையிலும் ஒவ்வோர் இனம் உண்டு. ஃபிளவர் டோமில் ஈரத்தைப் பிழிந்து எடுக்கப் பாடுபட்டவர்கள், இங்கே குறிப்பிட்ட நேரங்களில் பனிப்புகை தெளித்து ஈரத்தை 80, 90 விழுக்காட்டில் நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் பாலத்தில் இருக்கும்படி போய்ச் சேருங்கள். கூட்டம் சேரும், பரவாயில்லை.

ஒரு குறை சொல்லலாம். உள்ளே பகலில் 24 டிகிரி. வெளியே 31. ஏழு டிகிரி வேறுபாடு என்றால் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே ஏறிய குளிர்தான். 2,000 மீட்டருக்கு மேல் வாழும் செடிகளுக்கு இது கொஞ்சம் கதகதப்பே. பார்க்க வருகிறவர்கள் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்கும் சேர்த்துச் செய்த சமரசம் இது. இருந்தும் பல மலைச் செடிகள் கடல் மட்டத்தில் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு உயரம் தேவையில்லை. உயரம் கொடுக்கும் குளிரும் ஈரமும் போதும். அந்த இரண்டும் இல்லாமல் போனால் உயரம் மட்டும் இருந்து பயனில்லை என்பதும் இதிலேயே அடக்கம்.

மலையின் அடியில் இருட்டான ஒரு கூடத்தில் பூமியின் சராசரி வெப்பம் ஐந்து டிகிரி ஏறினால் என்ன ஆகும் என்று படம் ஓட்டுகிறார்கள். துருவப் பனி, கடல் மட்டம், காடு என்று பெரிய பெரிய எண்கள் வந்து போகும். குழந்தைகள் பயப்படும்படி எடுத்திருக்கிறார்கள். என் மகள் பயப்படவில்லை. பாலத்தில் நான் சொன்ன ஆறரை டிகிரிக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஐந்தை ஆறரையால் வகுத்தால் முக்கால் கிலோமீட்டர் சொச்சம், சரியாகச் சொன்னால் 770 மீட்டர். பழைய குளிரையே தேடிப் போக வேண்டுமானால் ஒவ்வொரு செடியும் அத்தனை உயரம் ஏற வேண்டும். மண், மழை, காற்று, விதையைத் தூக்கிப் போகும் பறவை எல்லாம் ஒத்துழைக்க வேண்டும் என்பதை ஒதுக்கிவிட்டு, வெப்பத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது.

"நம்ம ஊர்ல பெரிய மலை எதுப்பா?"

ஆனைமுடி கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொட்டபெட்டா, 2,637 மீட்டர் என்றேன். 2,000 மீட்டரில் நிற்கும் ஒரு சோலை மரத்தை அவள் எடுத்துக்கொண்டாள், 770ஐக் கூட்டினாள். 2,770. தொட்டபெட்டா 133 மீட்டர் போதவில்லை.